என் வீட்டு வாசல் 30 மீட்டர் உயர்ந்தது!

ஆசிரியருக்கு வணக்கம்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு 20 வருடமாகக் காய்கறி லோரி ஓட்டுகிறேன். மகன் வாங்கித் தந்த உயரமானியைக் காலை 11 மணிக்கு வீட்டு வாசலில் சரிசெய்துவிட்டுக் கிளம்பினேன். மலைமேல் உள்ள தானா ராத்தா ஊரில், அதன் உயரமான 1,440 மீட்டருக்குப் பக்கமாகக் காட்டியது. சரி, நல்ல சாமான்தான் என்று நினைத்தேன். மாலை 5 மணிக்குத் திரும்பினால் அதே வாசல் 30 மீட்டர் உயர்ந்திருக்கிறது!

கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தேன். (போயும் விட்டேன்.) பழுது இல்லையாம். அது அளப்பது காற்றழுத்தத்தை; மேலே ஏற ஏற அழுத்தம் குறைவதை வைத்துத்தான் உயரத்தைக் காட்டுகிறதாம். நம் வெப்பமண்டலத்தில் முற்பகலில் கூடும் அழுத்தம், மாலைக்குள் 3, 4 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இறங்கிவிடும். ஒன்று குறைந்தாலே 8 மீட்டர் ஏறியதாகக் காட்டும். இப்போதெல்லாம் தானா ராத்தாவில் தே தாரிக் குடிக்கும்போது முள்ளை அந்த ஊரின் உயரத்துக்குத் திருத்திக்கொள்கிறேன்.

லோரி ஓட்டுநர், தாப்பா