பெரட்டுக் களத்துக் கணக்கு மீண்டும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கும் ஒவ்வொரு நவம்பரிலும், வெள்ள நிவாரண மையங்களும் படகுகளும் தயார் என்ற செய்தி வருகிறது. அது தேவையான செய்திதான். ஆனால் படகு வந்து சேருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களில் வாழும் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் எங்களோடு அமர்ந்து பேசியதில்லை.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் மீண்டும் மூழ்கின. ஆகவே இது எப்போதோ ஒருமுறை வரும் விபத்தன்று.

நான் பிறந்த தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் அழைக்கும் களத்துக்கு, ஒருவர் வராவிட்டால், அவர் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), என்ன காரணத்தால் தங்கிவிட்டார் என்பது சற்று நேரத்தில் மேற்பார்வையாளரான மண்டோருக்குத் தெரிந்துவிடும். வேலை வாங்குவதற்காக ஏற்பட்ட கணக்குதான் அது. எங்கள் நலனுக்காக அன்று. ஆயினும் யார் எங்கே இருக்கிறார் என்று அறிந்த ஒருவர் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நாங்கள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின் அப்படி ஒருவர் இல்லை. பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட, தனியே இருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார், படுத்த படுக்கையாக இருப்பவர் யார் என்ற பட்டியல் ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் வேண்டும். 999-ஐ அழைத்தால் தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வரும்; ஆனால் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்?

பத்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த 2006 வெள்ளத்தில் என் தாயாரின் பிறப்புப் பத்திரமும் திருமணப் பதிவும் அலமாரியோடு ஊறிப்போயின. மாற்றுப் பத்திரத்துக்காக அவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததை நான் உடன் சென்று பார்த்தேன். ஏற்கெனவே குடியுரிமைச் சிக்கலில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு தாள் நனைவது ஒரு தலைமுறையின் பள்ளிப்படிப்பையே தடுக்கக்கூடும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருத்துவ அட்டை ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டு, ஒரே கையால் எடுக்கும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

மெயின் சுவிட்சை நீர் ஏறுமுன்பே அணைப்பதும், கேஸ் தோம்பை (எரிவாயு உருளையை) மூடுவதும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணுக்கால் அளவு நீர்தானே என்று இறங்கக் கூடாது. வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழமே இருந்தாலும் பெரியவரைக்கூடச் சாய்த்துவிடும்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டம் தெரிகிறது. மழை நாள்களில் இளைஞர் ஒருவர் அதைக் கவனித்து, எச்சரிக்கை அளவைத் தொட்டதும் ஆலய மணியை அடிக்கலாம். மின்சாரமும் கைப்பேசியும் நின்றாலும் அந்த மணி ஒலிக்கும். ஆலய நிர்வாகமும் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இம்மாதமே ஒரு ஞாயிறு காலை இதற்காகக் கூட வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வரிசையிலுள்ள 22 வீடுகளின் பட்டியலை நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
லாபிஸ், ஜொகூர்