கீழ்பவானிப் பாசனமும் மின் உற்பத்தியும்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

பாசன சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பவானிசாகர் அணையில் மின் உற்பத்திக்காக நமது பங்குத் தண்ணீர் குறைக்கப்படுகிறது என்று சிலர் வருந்துவதால் இவ்விளக்கத்தைப் பதிவிடுகிறோம். அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலுக்குச் செல்லும் தண்ணீர் 8 மெகாவாட் திறனுள்ள மின்நிலையத்தின் வழியே பாய்ந்து, ஒரு சொட்டும் குறையாமல் வாய்க்காலுக்கே வந்து சேர்கிறது. பாசனத்துக்குத் திறந்தால்தான் அங்கே மின்சாரம் உண்டாக்கும் சுழலி சுற்றும் என்பதோடு, அணையின் நீர்மட்டம் இறங்க இறங்க அதே அளவு தண்ணீரில் கிடைக்கும் மின்சாரமும் குறைந்துவிடும்.

நாம் உண்மையில் கவலைப்பட வேண்டியது 200 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்காலின் கடைமடையை, அதாவது தண்ணீர் கடைசியாகச் சேரும் பகுதியைப் பற்றித்தான். 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டு, நன்செய்க்கும் புன்செய்க்கும் முறை வைத்துத் தண்ணீர் விடப்படும்போது, தலைமடையில் ஒருவர் இரவில் மதகுப் பலகையை அரை அடி உயர்த்தினாலும் கடைசிக் கொப்பு (கிளை) வாய்க்காலில் நடவு வயல் தண்ணீரின்றி வெடித்துவிடும். ஆகவே மதகுகளை யாரும் தாமாகத் தொட வேண்டாம். வாய்க்காலில் நீர்மட்டம் திடீரென இறங்கினால் ஈரம் ஊறிய மண்கரை சரியக்கூடும் என்பதால், அதைக் காண்பவர்கள் உடனே இக்குழுவில் வாய்க்காலில் அந்த இடத்தைக் குறிக்கும் மைல் எண்ணுடன் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.