பெட்டிக்குள் இருந்த பத்திரம்

மஸ்கெலியா
ஆடி 9, வெள்ளி இரவு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன், நினைக்கத்தான் முடிகிறது. போன் எடுத்தால் "வேலையா இருக்கேம்மா" என்கிறாய். வட்ஸ்அப்பில் போட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. பதினெட்டு நாள் ஆகிவிட்டது. உட்கார்ந்து எண்ணவில்லை. காலண்டரில் பால் கணக்கு எழுதும்போது கண்ணில் பட்டது.

மழை விட்டபாடில்லை. "கோடைகாலச் சட்டச் சீர்திருத்தப் புலமைப்பரிசில்" என்று நீ அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது நானும் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு அத்தையும் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆடி மாதத்தில் யாருக்கடி கோடை என்று அத்தை கேட்டாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இப்போதுதான் லீவு, அவர்களும் வந்து கூட வேலை செய்வார்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்றாய். சரி. பத்து வாரம் லீவில் வீட்டுக்கு வராமல் இருக்க ஒரு பெயர் வேண்டும், அது நல்ல பெயர்தான். குடையை மறக்காதே. கொழும்பில் வெயில் என்பாய், வெயிலுக்கும் குடை பிடிக்கலாம்.

அணை நிறைந்து கிடக்கிறது. பழைய கோவில் இனி மாசி, பங்குனியில்தான் கண்ணுக்குத் தெரியும். 1969இல் சட்ட ஆணைக்குழு என்று ஒன்று வந்தது, எந்தச் சட்டம் பழசு, எதை மாற்ற வேண்டும் என்று பார்க்கத்தான் வந்தது என்று நீ சொன்னாயே, அந்த வருசம்தான் பழைய டவுனும் தண்ணீருக்குள் போனது. அம்மாயி சொல்லுவாள். ஒரு பக்கம் மூழ்கடித்துக்கொண்டே இன்னொரு பக்கம் திருத்தியிருக்கிறார்கள்.

நீ சட்டபீடத்துக்குத் தெரிவானபோது கோவில் மைக்கில் உன் பெயரைச் சொன்னார்களே, அதை இன்னும் ஆட்கள் பேசுகிறார்கள். போன கிழமை மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை, "ஒங்க மகள் லோயர் ஆனதும் எங்க மேலதான் மொதல் கேஸா?" என்றார். தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்துக்கொண்டேதான் கேட்டார். 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று அரசாங்க வர்த்தமானியில் போட்டார்கள். எங்களுக்கு வந்தபோது அதோடு பறிக்க வேண்டிய கிலோவும் ஏறி வந்தது. கிலோ வராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அந்தக் கடுதாசியை எழுதியவர்கள் ஒரு நாளாவது எங்கள் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார்களா? நீ ஏதாவது எழுதினால் முதலில் தராசைப் போய்ப் பார்.

சாப்பிடுகிறாயா? ஹொஸ்டலில் இரவுச் சாப்பாடு ஏழு மணியோடு முடிந்துவிடும் என்றாய். நூலகத்தில் இருந்துவிட்டுப் பட்டினியாகப் படுக்காதே. இரவு பஸ்ஸில் ஏறாதே.

முதல் கிழமை நீ பேசியது முழுவதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டு வேலைக்காரர்களைப் பற்றிய சட்டம் உங்கள் குழுவுக்குக் கிடைத்தது என்றாய். 1871இல் வெள்ளைக்காரன் போட்டது, வேலைக்கு வருகிறவள் பெயரைப் பதிய வேண்டும், கையில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள், வேலையை விட்டுப் போகும்போது அவள் எப்படிப்பட்டவள் என்று வீட்டுக்காரர் அதில் எழுதுவார், அந்தச் சட்டம் இன்னும் நீக்கப்படாமல் கிடக்கிறது என்றாய். எங்கள் ஆட்களுக்கும் அப்படி ஒரு துண்டு இருந்தது. தோட்டம் மாறுவதென்றால் கடன் கணக்கு எழுதிய அந்தத் துண்டு வேண்டும். அதை 1921இல் நிறுத்தினார்கள். மலையில் வேலை செய்கிறவளுக்கு நிறுத்தியதை வீட்டுக்குள் வேலை செய்கிறவளுக்கு நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. 2016இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்திலும் அவர்களை வெளியே விட்டார்கள் என்று சொல்லும்போது உன் குரல் உயர்ந்தது. பெருமையாகத்தான் இருந்தது. இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளை என் வயிற்றில் பிறந்தது என்று அத்தையிடமும் சொன்னேன்.

அதற்கு அடுத்த கிழமை நீ அக்காவுக்குப் போன் எடுத்திருக்கிறாய்.

அவள் கொட்டகலையிலிருந்து வந்தபோது சொன்னாள். சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "தங்கச்சி கேட்டாம்மா, அந்த வீட்டு வேலைக்குப் போனப்ப ஒனக்கு எத்தன வயசுன்னு. பன்னெண்டுன்னு சொன்னேன்." அதற்கு நீ ஒன்றும் பேசவில்லையாம், போனை வைத்துவிட்டாயாம். இருமல் இருந்தால் கொத்தமல்லி போட்டுக் குடி, பார்சலில் வைத்திருக்கிறேன்.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அப்பா குடித்தார், அப்பா அனுப்பினார். நம் வீட்டில் அப்படித்தான் பேச்சு. அப்பாவுக்குக் காலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டது 2008இல். ஆறு மாதம் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. குடித்தார், பொய் இல்லை. ஆனால் அக்காவை அனுப்ப வேண்டாம் என்று சொன்னது அவர்தான். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, "பிள்ளையை விடாத" என்று மூன்று தரம் சொன்னார். நான்தான் விட்டேன். அவர் செத்த பிறகு நீயும் அக்காவும் அவரைத் திட்டும்போதெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தேன். செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போகிறாரா?

கூட்டிப் போக வந்த ஆள் வயது கேட்டான். பதினாலு முடிந்தது என்றேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்டான். மழையில் நனைந்து போச்சு என்றேன். பத்திரம் ட்ரங்குப் பெட்டியில் என் கல்யாணச் சேலைக்குக் கீழே இருந்தது. இரண்டு நாள் கழித்து அவள் வகுப்பு டீச்சர் லயத்துக்கே வந்தார். பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி, ஏன் வரவில்லை என்று கேட்டார். பதுளையில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனார்.

சட்டம் தெரியாமல் செய்யவில்லை, பாப்பா. வேலைக்கு விடப் பதினாலு வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் பதினாலு என்று சொன்னேன். 2021இல் அதைப் பதினாறு ஆக்கினார்கள் என்றாயே, இன்றைக்கு என்னைப் போல ஒருத்தி நின்றால் பதினாறு என்று சொல்லுவாள். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, பத்திரத்தை எடு என்று கேட்க ஒரு ஆள் வந்திருந்தால் நான் பயந்திருப்பேன். அப்பாவின் காலுக்கு ஆறு மாதம் அரைச் சம்பளமாவது கிடைத்திருந்தால் அந்த ஆளை வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். அப்படித்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

இரண்டு வருசம் கழித்துத் தீபாவளிக்கு வந்தாள். கதிரையில் உட்காரவில்லை. தரையில் குந்தி, தன் தட்டையும் தம்ளரையும் தனியாகக் கழுவி ஓரமாக வைத்தாள். சோறு போடட்டுமா என்று கேட்டதற்கு, "எபா நோனா", வேண்டாம் அம்மா என்று வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சிங்களத்தில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உனக்கு ஏழு வயது, நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். தீபாவளி முடிந்து மறுபடியும் அனுப்பினேன். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு வந்தது. உன் சப்பாத்து, புலமைப்பரிசில் பரீட்சை வகுப்புக் காசு, எல்லாம் அதிலிருந்துதான்.

அதற்காக நீ படிப்பை வெறுக்காதே. இரவில் அழுதுகொண்டு கிடக்காதே, கண் கெட்டுவிடும், ஏற்கெனவே கண்ணாடி.

உன் கொள்ளுத் தாத்தாவுக்கு 1948இல் ஒரு சட்டத்தில் குடியுரிமை போனது, நாடு போனது. அம்மாயிக்கு 2003இல் இன்னொரு சட்டத்தில் திரும்பி வந்தது, நீ பிறந்த வருசம். அதனால் சட்டத்தை மாற்ற முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் குழு எழுதும் அறிக்கையில் அக்காவைப் பற்றி எழுத நினைத்தால் என்னிடம் கேட்க வேண்டாம், அவளிடம் கேள். அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு, எவ்வளவு நல்ல உதாரணமாக இருந்தாலும் விட்டுவிடு. சரி என்றால் எழுது. ஆனால் 'வறுமை அனுப்பியது' என்று எழுதாதே. வறுமை நம் லயத்தில் பன்னிரண்டு காம்பராவிலும் இருந்தது, பன்னிரண்டு பிள்ளையும் போகவில்லை. அம்மா அனுப்பினாள் என்று எழுது.

அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வர வெட்கமாக இருந்தால் சொல், கூரைத் தகரத்தை மாற்றச் சொல்கிறேன். வெட்கம் இல்லை என்றால் அப்படியே கூட்டி வா, ரொட்டி சுடலாம்.

மேல் லயத்துத் தம்பி நாளைக்குப் புறக்கோட்டைக்குப் போகிறான், அவனிடம் இதைக் கொடுக்கிறேன். பார்சலில் தேயிலை, கொத்தமல்லி, கட்டச் சம்பல், குடை இருக்கிறது. அக்காவின் பத்திரம் அதில் இல்லை. போன கிழமை பெட்டியைத் திறந்து எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். பிரித்துப் பார்த்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆறு மணிக்குப் பிறகு எடு, அப்போதுதான் இங்கே சிக்னல் வரும். அவள் எடுத்தால் அவளோடு பேசு. நான் எடுத்தால் வைத்துவிடாதே.

அம்மா