கார் உரசல் வழக்கு: தொகைக்கு ஆதாரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு கார் சேதங்களுக்கு வழக்குத் தொடுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, தவறு யாருடையது என்பதை நிரூபிக்கும் வழிகளை விரிவாகவே சொன்னது. ஆனால் சிறு தொகைக்கான வழக்குகளை விசாரிக்கும் சிறு வழக்கு நீதிமன்றத்தில் பலர் கோட்டைவிடும் இடம் தொகை. இடித்தது எதிர்த்தரப்புதான் என்று நீதிபதி ஏற்றுக்கொண்ட பிறகும், கேட்ட பணத்துக்குக் கணக்கு இல்லாமல் நிற்கிறார்கள்.

‘பம்பர் வேலை, பெயிண்டிங்’ என்று ஒரே வரியில் மொத்தம் எழுதிய எஸ்டிமேட் எதற்கும் உதவாது. பாகம், கழற்றி மாட்டும் கூலி, டிங்கரிங் (நசுங்கலைத் தட்டி நிமிர்த்தும் வேலை), பெயிண்ட், வரி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இரண்டு பட்டறைகளில் வாங்குவது நல்லது. அதையும் பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள். வெளியே இருக்கும் பிளாஸ்டிக் உறை லேசான அடி வாங்கினால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். உள்ளே நுரைத் திண்டு நசுங்கியிருக்கலாம், கிளிப்புகள் உடைந்திருக்கலாம், பார்க்கிங் சென்சார் இடம் மாறியிருக்கலாம். வழக்குப் போட்டபின் இவை தெரியவந்தால் தொகையைத் திருத்த அலைய வேண்டியதுதான்.

மெட்டாலிக் வண்ணக் கார்களில் இன்னொரு சிக்கல். அடி கதவில் மட்டும் பட்டிருந்தாலும், நிற வேறுபாடு தெரியாமலிருக்கப் பக்கத்து ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) வரை பெயிண்டைக் கலந்து அடிக்க நேரும். ‘ஃபெண்டரை நான் தொடவே இல்லையே’ என்று எதிர்த்தரப்பு கேட்கும், நியாயமான கேள்விதான். காரணத்தைப் பட்டறைக்காரரே எஸ்டிமேட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் தீர்ந்தது. பழைய கீறல்களையும் இதோடு சேர்த்துச் சரிசெய்துகொள்ளும் ஆசை மட்டும் வேண்டாம். அதில் ஒன்று மாட்டினாலும் மற்ற வரிகள் அனைத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

புகைப்படத்தில், இரு கார்களின் நம்பர் பிளேட்டும் தெரியும் தூரக் காட்சி முதலில் வேண்டும். பிறகு தரையிலிருந்து அளவு டேப்பை நிறுத்தி, உங்கள் கார் கீறலின் உயரத்தையும் அவருடைய பம்பர் உயரத்தையும் எடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும்; பிரேக் பிடிக்கும்போது காரின் முன்பக்கம் தாழும் என்பதால் சில சென்டிமீட்டர் வித்தியாசம் வரலாம். லேசான நசுங்கல் நேர் வெளிச்சத்தில் தெரியாது. வெளிச்சம் சாய்வாக விழும்போது எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் போய்விடும், எனவே மூலக் கோப்பை அழிக்காதீர்கள். காரில் பொருத்திய டேஷ்கேம் கேமரா பழைய பதிவின் மேலேயே பதிவு செய்யும். மெமரி கார்டை அன்றே கழற்றிவிடுங்கள்.

இன்சூரன்ஸில் பணம் வாங்கிவிட்டால், அந்தத் தொகையை வசூலிக்கும் உரிமை பொதுவாக நிறுவனத்துக்குப் போய்விடும். கையிலிருந்து கட்டிய பங்கைத்தான் நீங்கள் கேட்கலாம். எதிர்த்தரப்பிடமோ அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடமோ ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திட்டிருந்தால் அதுவும் சிரமம்.

வழக்குக்கு முன் தேதி, இடம், தொகைப் பிரிவு, 14 நாள் போன்ற ஒரு கெடு ஆகியவற்றுடன் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். வசவு வேண்டாம், அதை நீதிபதியும் படிப்பார். தொகை வரம்பும் காலக்கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். வாகன விபத்துகளை இந்த நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாத இடங்களும் உண்டு. ஓட்டியவரும் உரிமையாளரும் வேறு வேறு என்றால் யார் மீது தொடுப்பது என்பதையும் நீதிமன்ற அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தவறான ஆள் மீது வாங்கிய தீர்ப்பை வைத்து வசூல் செய்ய முடியாது.

இப்படிக்கு,
வாகனச் சேத மதிப்பீட்டாளர் ஒருவர்