டயர் விதியும் விறுவிறுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்முலா வன் பந்தயத்தில், மழை இல்லாவிட்டால் இரண்டு வகை டயர்களையாவது பாவிக்க வேண்டும் என்ற விதி 2007 முதல் இருக்கிறது. மென்மையானது வேகம் தரும், கெதியில் தேயும், கடினமானது நின்றுபிடிக்கும். அந்த வித்தியாசத்தால்தான் முந்துவதற்கு வழி பிறக்கிறது. இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் 2025 மொனாகோ வீதிப் பந்தயத்தில் மூன்று செட் டயர், அதாவது இரண்டு தரம் மாற்றுவது கட்டாயம் என்றார்கள். நடந்தது என்ன? வில்லியம்ஸ் அணியின் ஒரு கார் வேண்டுமென்றே ஊர்ந்து பின்னால் வந்தவர்களை மறிக்க, மற்றது இடத்தை இழக்காமல் ஆறுதலாக டயர் மாற்றியது. பிறகு இருவரும் வேலையை மாற்றிக்கொண்டார்கள்! பின்னால் மாட்டிப் பொறுமையிழந்த மெர்சிடிஸ் ஓட்டுநர் ரஸல் வளைவை வெட்டிக்கொண்டு முந்தித் தண்டனை வாங்கினார். ஞாயிறு மாலை ஆறரைக்கு தொலைக்காட்சி முன் குந்தியிருந்த எங்களுக்கு, ஆடிவேல் ஊர்வலமே இதைவிட விறுவிறுப்பு.

2024இல் அங்கே முதல் சுற்றிலேயே செங்கொடி காட்டிப் பந்தயத்தை இடைநிறுத்தினார்கள். எல்லோரும் அப்போதே டயர் மாற்றி விதியை நிறைவேற்றிவிட்டார்கள். முதல் பத்துப் பேரும் புறப்பட்ட வரிசையிலேயே முடித்தார்கள். ஒடுங்கிய வீதியில் அகலக் கார்கள் ஓடினால் டயர் என்ன செய்யும்? டயர் வழங்கும் பிரெல்லி நிறுவனம் வகைகளுக்கிடையே வேக வித்தியாசத்தைக் கூட்டட்டும். எத்தனை தரம் மாற்றுவது என்பதை அணிகளே தீர்மானிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.