வீட்டு ரூட்டர் ஐந்து கருவிகளுக்கு மேல் ஐபி முகவரி வழங்காதது குறித்த புகார்

அனுப்புநர்:
வீட்டு இணைய வாடிக்கையாளர்
(வாடிக்கையாளர் எண்ணும் முகவரியும் மேலுறையில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையச் சேவை நிறுவனம்.

பொருள்: மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின் ரூட்டரில் ஏற்பட்ட முகவரிக் கட்டுப்பாட்டை நீக்கவும், எழுத்தில் தரப்பட்ட தவறான பதிலைத் திருத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆறு ஆண்டுகளாக உங்கள் நிறுவனத்தின் வீட்டு இணைய இணைப்பைப் பயன்படுத்தி வருகிறேன். நான்கு கணினிகளும் இரண்டு கைபேசிகளும் இந்த ஒரே இணைப்பில்தான் இயங்குகின்றன. சென்ற மாதம் வரை இதில் ஒரு குறையும் இருந்ததில்லை. சென்ற மாதம் ஓரிரவு, உங்கள் தரப்பிலிருந்தே ரூட்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. மறுநாள் காலை முதல் இந்த ஆறு கருவிகளில் ஏதேனும் ஒன்றுக்கு இணையம் கிடைப்பதே இல்லை. அது எந்தக் கருவி என்பதும் நாளுக்கு நாள் மாறுகிறது. இன்றோடு 23 நாட்கள் ஆகிவிட்டன.

இதற்குள் ஐந்து முறை தொலைபேசியிலும் இரண்டு முறை மின்னஞ்சலிலும் முறையிட்டேன். ஒவ்வொரு முறையும் ரூட்டரை அணைத்து இயக்கி, ஒரு கணினியை மட்டும் இணைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவ்வாறு செய்தால் இணைப்பு வேலை செய்கிறது. உடனே புகாரும் தீர்க்கப்பட்டதாக முடித்துவைக்கப்படுகிறது. கூடுதலாக இன்னோர் இணைப்பு வாங்கிக்கொண்டால் சிக்கல் தீரும் என்று ஒரு ஊழியர் சொன்னார். இரண்டாவது மின்னஞ்சலுக்கு வந்த பதிலில், பழுது எங்கள் கணினியை இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டில் இருப்பதாகவே எழுதியிருந்தது. இந்தக் கடிதத்தை எழுத என்னைத் தூண்டியது அந்தப் பதில்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் வெளியூர் சென்று திரும்பிய என் மகள், இணையவழித் தேர்வுக்காக மடிக்கணினியைத் திறந்தபோது தேர்வு தொடங்க எட்டு நிமிடங்கள் இருந்தன. வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டியது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. உங்கள் ஊழியர்கள் சொன்னது நினைவுக்கு வர, என் கணினியை அணைத்தேன், பயனில்லை. அடுத்த அறையில் மனைவி அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் ரூட்டரை அணைத்து இயக்கவும் துணியவில்லை. மடிக்கணினியின் நெட்வொர்க் விவரத்தைத் திறந்து பார்த்தேன். 192.168 என்று தொடங்க வேண்டிய ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண், 169.254 என்று தொடங்கியிருந்தது. முகவரி தருவதற்கு யாரும் கிடைக்காதபோது ஒரு கணினி தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் முகவரி அது. அதை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. உடனே 192.168.1.50 என்ற முகவரியையும், நுழைவாயில் (கேட்வே) முகவரியாக ரூட்டரின் 192.168.1.1 என்பதையும் கையால் தட்டச்சு செய்தேன். அந்த நொடியே இணையம் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் தேர்வு தொடங்கி பதினொரு நிமிடங்கள் கடந்திருந்தன. அந்த நேரம் முழுவதும் என் மகள் ஒரு வார்த்தை பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

நெட்வொர்க் கார்டு பழுதாக இருந்தால், முகவரியைக் கையால் எழுதியவுடன் அதே கார்டு எப்படி வேலை செய்தது? கம்பியோ, வைஃபையோ, வெளியிலிருந்து வரும் இணைப்போ கெட்டிருந்தாலும் அது நடந்திருக்காது. அன்று மாலையே ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதியில் தொடக்க முகவரி 192.168.1.2 என்றும், இறுதி முகவரி 192.168.1.6 என்றும் இருந்தன. அதாவது மொத்தம் ஐந்தே முகவரிகள். ரூட்டர் தனக்கென ஒன்றை எடுத்துக்கொண்ட பிறகும் 253 கருவிகளுக்கு இடமுள்ள வரிசையில் ஐந்துக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஆறு கருவிகள் இருப்பதால் ஒன்று எப்போதும் வெளியே நிற்கிறது.

அதே பக்கத்தில் முகவரியின் குத்தகைக் காலம் 86400 வினாடிகள், அதாவது 24 மணி நேரம், என்று குறிக்கப்பட்டுள்ளது. ஒரு கணினியை அணைத்தாலும் அது பெற்ற முகவரி உடனே விடுபடுவதில்லை, குத்தகை முடியும்வரை அதன் பெயரிலேயே கிடக்கிறது. நான் என் கணினியை அணைத்தும் மகளுக்கு இடம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். வீட்டுக்கு வந்த ஒருவர் சற்று நேரம் தம் கைபேசியை இணைத்துவிட்டுப் போனாலும், அவர் போன பின்பும் அந்த இடம் மறுநாள் வரை அடைபட்டே இருக்கும். ரூட்டரை அணைத்து இயக்கும்போது இந்தப் பட்டியல் அழிந்துவிடுவதால்தான் உங்கள் சோதனையில் ஒவ்வொரு முறையும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. எந்தச் சூழலில் பழுது வெளிப்படாதோ அந்தச் சூழலை உண்டாக்கிவிட்டு, பழுதில்லை என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

கூடுதல் இணைப்பு வாங்கச் சொன்னதை என்னால் ஏற்க இயலாது. நான் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தை மீண்டும் முழுமையாகப் படித்தேன். கருவிகளின் எண்ணிக்கைக்கு அதில் எந்த வரம்பும் இல்லை. வெளியுலகுக்கு எங்கள் வீடு ஒரே முகவரியாகத்தான் தெரிகிறது. உள்ளே இருக்கும் கணினிகளின் கோரிக்கைகளை அந்த ஒரே முகவரியின் பெயரில் வெளியே அனுப்பி, வரும் பதில்களை உரிய கணினிக்குப் பிரித்துக் கொடுப்பது ரூட்டரின் வேலை. இந்த முறை 1994-லேயே முறையாக எழுதி வெளியிடப்பட்டது. இப்படி உள்ளுக்குள் மட்டும் பயன்படுத்துவதற்கென்றே 192.168 போன்ற முகவரித் தொகுதிகளும் அதே ஆண்டில் ஒதுக்கப்பட்டன. ஐபிவி4 எனும் பழைய முகவரி முறையில் உலகம் முழுமைக்கும் இருப்பவை ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே என்பதால், ஓர் இணைப்பைப் பல கணினிகள் பகிர்வது விதிவிலக்கு அல்ல. இணையம் இத்தனை பேருக்கு எட்டியதே இந்தப் பகிர்வால்தான். ஆறு கருவிகள் இணைந்தாலும் நாங்கள் பயன்படுத்துவது கட்டணம் செலுத்திய வேகத்துக்குள்தான். அதற்கு மேல் ஒரு துளியும் உங்களிடமிருந்து எடுப்பதில்லை.

முகவரியைக் கையால் எழுதித் தொடரலாமே என்று உங்கள் ஊழியர் கேட்கக்கூடும். மகளின் மடிக்கணினி கல்லூரிக்கும் போய் வருகிறது. இங்கே எழுதிய முகவரி அங்கே பொருந்தாது என்பதால் தினமும் இருமுறை மாற்ற வேண்டும். மனைவியின் கணினியோ அலுவலகத்துக்குச் சொந்தமானது, அதில் இந்த அமைப்பைத் தொடவே அனுமதியில்லை. ரூட்டரிலேயே இறுதி முகவரியை மாற்றிவிடலாம் என்றால், புதுப்பிப்புக்குப் பிறகு அந்தக் கட்டங்கள் சாம்பல் நிறத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. எண்ணைப் பார்க்க முடிகிறது, மாற்ற முடியவில்லை.

ஆகவே, டிஎச்சிபி இறுதி முகவரியை 192.168.1.254 ஆக உயர்த்தி, அந்தப் பகுதியை மாற்றும் உரிமையை எனக்குத் திரும்பத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த ரூட்டரில் அது இயலாதென்றால், அதை, வெளி இணைப்பை உள்ளே கொண்டுவரும் வெறும் மோடமாக மட்டும் இயங்கும் நிலைக்கு மாற்றிக் கொடுங்கள். சொந்த ரூட்டரை வைத்துப் பகிர்வை நானே கவனித்துக்கொள்கிறேன். பழுது நீங்கும் நாள் வரையிலான கட்டணத்தை அடுத்த மாதக் கணக்கில் கழிக்க வேண்டும். எங்கள் நெட்வொர்க் கார்டு பழுது என்று உங்கள் பதிவேட்டில் உள்ள குறிப்பையும் நீக்கி, அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருக்கும்வரை, அடுத்து நான் எதற்காக அழைத்தாலும் உங்கள் ஊழியர் முதலில் அதைத்தான் படிப்பார்.

169.254 முகவரி தெரியும் திரையின் படத்தையும், டிஎச்சிபி பக்கத்தின் படத்தையும், உங்கள் இரு மின்னஞ்சல் பதில்களின் நகல்களையும் இணைத்துள்ளேன். மகளின் அடுத்த தேர்வு இன்னும் 12 நாட்களில் வருகிறது. அதற்குள் சரிசெய்து தரும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்