பழைய கீர்த்தனை கிடைக்கவில்லையா? இப்படித் தேடிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் நெருங்கினாலும் சரி, அடக்க ஆராதனை என்றாலும் சரி, இங்கே மலேசியாவில் உள்ள தமிழ்க் கிறிஸ்தவ சபைகளின் பாடகர் குழுக்களில் எழும் கேள்வி ஒன்றுதான்: "அந்தப் பழைய பாட்டு எங்கே கிடைக்கும்?" வாட்ஸ்அப்பில் கேட்டால் பல்லவியும் ஒரு சரணமும் வரும்; மீதி வராது. பாட்டு பெரும்பாலும் எங்கோ அச்சில் இருக்கத்தான் செய்கிறது. தேடும் விதத்தில்தான் அது கைக்கு எட்டாமல் போகிறது.

பாட்டு எந்த மரபைச் சேர்ந்தது என்பதை முதலில் பாருங்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்து, தலைப்பில் ராகமும் தாளமும் இருந்தால் அது கீர்த்தனை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த வழி. ஆங்கில, ஜெர்மானிய மெட்டுகளுக்கு எழுதப்பட்டவை ஞானப்பாட்டுகள் அல்லது பாமாலைகள். 'பராபரன்' என்று வந்தால் பழைய சீர்திருத்தச் சபைப் புத்தகங்களிலும், 'சர்வேசுரன்', 'சேசுநாதர்' என்று வந்தால் பழைய கத்தோலிக்கப் புத்தகங்களிலும் தேட வேண்டும். இதைக் கவனிக்காமல் தவறான புத்தகத்தைப் புரட்டியே பலர் களைத்துப்போகிறார்கள். பாட்டு எண்ணையும் நம்பாதீர்கள். லுத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் புத்தகங்களில் ஒரே பாட்டுக்கு வெவ்வேறு எண். பதிப்பு மாறினாலும் எண் மாறும்.

அடுத்தது நூலகப் பட்டியல். பல்கலைக்கழக நூலகங்களிலும், உலக நூலகங்களைச் சேர்த்துக் காட்டும் வேர்ல்டுகேட்டிலும் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறைப்படி ரோமன் எழுத்தில் இருக்கும். நாம் பெயர் எழுதும் பழக்கத்தில் 'த'வுக்கு டி, எச் (th) போடுகிறோம். அங்கே வெறும் டி (t). 'ட'வுக்கும் அதே டிதான். 'ச' என்றால் சி. 'ழ'வுக்கு இசட், எச் கிடையாது, எல் மட்டுமே. நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்கக் கூடாது. ஆகவே 'கீர்த்தனை' என்பதை கே, ஐ, ஆர், டி, டி, ஏ, என், ஏ, ஐ (kirttanai) என்றும், 'இயேசு' என்பதை ஐ, ஒய், இ, சி, யு (iyecu) என்றும் தட்ட வேண்டும். மேலே கீழே வரும் கோடு, புள்ளிகளை விட்டுவிட்டாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். அந்தக் காலத்து மிஷன் அச்சகங்கள் பலவும் ஆங்கில முகப்புத்தாள் வைத்ததால், 'தமிழ் லிரிக்ஸ்', 'தமிழ் ஹிம்ஸ்' என்று ஆங்கிலத்திலும் ஒரு முறை தேடுங்கள்.

ஆர்க்கைவ் டாட் ஆர்க் என்ற இணைய நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களின் படிகள் கிடைக்கின்றன. அங்கே உள்ள சிக்கல் வேறு. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவை பழைய வடிவில் இருக்கும். கணினியின் எழுத்துணரி அவற்றைப் படிக்கத் தடுமாறுகிறது. 'கீர்த்தனை', 'பாமாலை' என்ற சொற்களிலேயே அந்த எழுத்துகள் இருப்பதால், அவற்றைத் தட்டினால் புத்தகம் உள்ளே இருந்தும் அகப்படாது. 'கர்த்தர்', 'பாதம்', 'நேசர்' போன்ற சொற்களைத் தேர்ந்தெடுங்கள். புத்தகம் கிடைத்ததும் முதற்குறிப்பு அகராதியைக் கண்ணால் பாருங்கள். அது பல்லவியின் முதற்சொல் வரிசையில்தான் இருக்கும். நம் நினைவில் நிற்பதோ பெரும்பாலும் ஏதோ ஒரு சரணம். எனவே பல்லவி தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

பாமாலைக்கு ஆர்கன் நோட்டேஷன் தேவைப்படுவோருக்கு ஒரு நல்ல வழி உண்டு. சில பதிப்புகளில் மூலப் பாட்டின் ஆங்கில முதலடியும் யாப்பு எண்ணும் (ஒவ்வோர் அடியிலும் எத்தனை அசை என்று காட்டும் எண்) தலைப்பிலேயே இருக்கும். இல்லாவிட்டால் நீங்களே எண்ணலாம்: புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். அடக்க ஆராதனைகளில் பாடும் 'என்னோடிரும், மா நேச கர்த்தரே' என்ற அடியில் எ, னோ, டி, ரு, மா, நே, ச, க, த, ரே என்று பத்து வரும். மற்ற மூன்று அடிகளிலும் பத்து. ஆகவே யாப்பு 10.10.10.10. ஆனால் ஒரே யாப்புக்குப் பல மெட்டுகள் உண்டு, 8.6.8.6-க்கு எண்ணற்றவை. அதனால் முதலடியை ஸ்வரமாகப் பாடிப் பாருங்கள்: க க ரி ச ப, த ப ப ம க. 'ச'வை 1 என்று கொண்டால் 33215 65543. ஹிம்னரி டாட் ஆர்க் தளத்தின் மெட்டுத் தேடலில் இந்த எண்களைக் கொடுத்தால் 'ஈவன்டைட்' என்ற மெட்டுக்குக் கொண்டுபோய் விடும். வில்லியம் மங்க் அமைத்து 1861-இல் வெளிவந்தது. இதற்கு மூலமாக ஹென்றி லைட் 1847-இல் எழுதிய ஆங்கிலப் பாட்டும் அங்கேயே இருக்கும். யாப்பு பொருந்திவிட்டது என்பதற்காக வேறு மெட்டில் பாடவைக்க வேண்டாம். குறிலில் அழுத்தம் விழுந்து சொல் சிதைந்துவிடும்.

யூடியூப் மெட்டைக் கேட்க உதவும். வரிகளுக்கு அதை நம்ப முடியாது. பாட்டு வரித் தளங்கள் ஒன்றையொன்று நகலெடுப்பதால், பத்துத் தளங்களில் ஒரே பிழை இருக்கும். அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிடாமல் திரையில் போடாதீர்கள்.

போட்டோஸ்டாட் எடுப்போர் கவனத்துக்கு: மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. சாஸ்திரியார் பாட்டுக்குத் தடையில்லை. இன்றைய சுவிசேஷப் பாடல்களுக்கும், பழைய பாட்டின் புதிய ஒலிப்பதிவுக்கும் அனுமதி வேண்டும்.

சபைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கும் கன்வென்ஷனுக்கும் இங்கே அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள் பல அலமாரியிலேயே செல்லரித்துப் போகின்றன. 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் இந்நாட்டில் வெளியாகும் அச்சு நூலின் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்திடம் கொடுக்கச் சொல்கிறது. ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் அந்த நூலகத்துக்கு உங்கள் புத்தகங்களை அனுப்பிவையுங்கள். அடுத்த முறை அச்சிடும்போது ஒவ்வொரு பாட்டின் அடியிலும் ஆசிரியர் பெயர், ராகம், தாளம் அல்லது மெட்டின் பெயர், எடுத்த நூலின் பதிப்பாண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் போடுங்கள்.

தமிழ்ச் சபைப் பாடகர் குழுவினர் சிலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்